பூனைக்கு ஓர் ஏணை

ஏணை என்றதும் நம் நினைவுக்கு வருவது, உத்தரத்தில் கட்டிய சேலையும் அதனுள் உறங்கும் பச்சிளங் குழந்தையும்தாம். பூனைக்கு ஏணை தைத்தோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நம் இல்லத்தாரும் நகைக்கவே செய்தார்கள். ஆயினும் அந்தச் சிறு தையல் வேலை நமக்குக் கற்பித்தவை சிறியன அல்ல என்பதால் இதனை எழுத முற்பட்டோம்.

நம் தாயார் இறைவனின் அழைப்பை ஏற்று நம்மைப் பிரிந்து சில மாதங்கள் ஆகின்றன. இறுதி ஆண்டுகளில் முழங்கால் வலியின் காரணமாக அவர்கள் நாற்காலியில் அமர்ந்தே தொழுது வந்தார்கள். அந்த மர நாற்காலியின் அடியில்தான் நம் வீட்டுப் பூனை படுத்திருக்கும். தொழுகை முடிந்து அவர்கள் தஸ்பீஹ் ஓதத் தொடங்கியதும் எழுந்து மடிக்குத் தாவும். உம்மா ஒரு கையால் மணிகளை உருட்டியவாறே மறு கையால் அதன் முதுகைத் தடவிக் கொடுப்பார்கள்.

அவர்களின் மறைவுக்குப் பின் அந்த நாற்காலியைக் காணுந்தோறும் நெஞ்சு கனத்தது. எனவே அதை எடுத்துக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் போட்டுவிட்டோம். பூனையோ நாற்காலி இருந்த இடத்திலேயே வெறுந்தரையில் சுருண்டு கிடந்தது. வைத்த உணவிலும் பாதியை மீதம் வைத்தது. அதற்கொரு படுக்கை செய்து கொடுப்போம் என்ற எண்ணம் அப்போதுதான் உதித்தது.

உம்மாவின் நல்ல சேலைகளை முன்பே கொடுத்துவிட்டோம். எஞ்சியிருந்தது, அவர்கள் அன்றாடம் உடுத்திய பருத்திச் சேலை ஒன்றுதான். அதை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தபோது தங்கை குறுக்கிட்டாள்.

“என்ன ராத்தா இது! உடுத்தத் துணியில்லாத ஏழைகள் எத்தனையோ பேர் இருக்க, உம்மாவின் சேலையைப் பூனைக்கா வெட்டப் போகிறீர்கள்?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல இயலாமல் சேலையைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்தோம். நடுப்பகுதி நைந்து, வெளிச்சம் ஊடுருவியது. இரண்டு இடங்களில் உம்மாவே கிழிசலைத் தைத்திருந்தார்கள். நமக்கு விருப்பமானதிலிருந்து வழங்குவதையே திருமறையின் மூன்றாம் அத்தியாயம் (3:92) நன்மையின் வழியாகக் காட்டுகிறது. நாம் உடுத்தத் தயங்கும் கந்தலை ஏழையின் கையில் திணித்தால் அது தர்மமாகுமா? “உம்மாவின் பெயரால் ஒரு புதுச் சேலை எடுத்துக் கொடுப்போம். இது பூனைக்கு இருக்கட்டும்” என்றோம். தங்கை அரை மனத்தோடு விலகிச் சென்றாள்.

பூனையிடம் பரிவு காட்டுவது நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. அபூஹுரைரா (ரலி) அவர்களை உலகம் இன்றும் அறிவது, பூனைக்குட்டியின் தந்தை என்னும் பொருள்படும் அப்பெயரால்தான். வுளூச் செய்ய வைத்த தண்ணீரைப் பருக வந்த பூனைக்கு அபூகதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்ததையும், பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வரும் உயிர்களில் ஒன்று என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உரைத்ததை எடுத்துக்காட்டியதையும் அபூதாவூது நூலில் காண்கிறோம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதியை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. ஆகவே, நாம் தைக்கும் ஏணை எதுவாயினும் பூனை தன் விருப்பம்போல் ஏறி இறங்கக் கூடியதாக இருக்க வேண்டும் என முடிவு செய்தோம்.

நாற்காலிக் கால்களின் இடைவெளி 16 அங்குலம். துணி விறைப்பாக இருந்தால் பூனை உருண்டு விழும். மிகவும் தொய்ந்தால் எழ முடியாமல் தவிக்கும். எனவே தைத்து முடித்தபின் 18 அங்குலம் இருக்கும்படி, நையாத கரையோரப் பகுதியில் 19 அங்குலச் சதுரங்கள் இரண்டை வெட்டினோம். சேலைக் கரையை நான்காக மடித்துத் தைத்து, பாவாடை நாடாவைப் போல் நான்கு நாடாக்கள் செய்தோம். அவற்றை இரு துணிகளுக்கும் இடையே மூலைக்கு ஒன்றாக வைத்து, தலையணை உறை தைப்பதுபோல் உட்புறம் வெளியே தெரியச் சுற்றிலும் அரை அங்குலம் விட்டுத் தைத்தோம். கை நுழையும் அளவுக்கு விட்ட இடைவெளி வழியே துணியைத் திருப்பி, வாயை மூடினோம். பாரம் முழுவதும் மூலைகளில் இறங்குவதால் அங்கே மட்டும் மும்முறை தையல் ஓட்டினோம்.

ஒரு நூல் முனைகூடத் தொங்கவிடவில்லை. பூனையின் நாவிலுள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை; வாயில் சிக்கிய நூலை அது துப்ப இயலாமல் விழுங்கிவிடும். உள்ளே சென்ற நூல் குடலைச் சுருக்கி உயிருக்கே உலை வைக்கும்.

தாழ்வாரத்தில் கிடந்த நாற்காலியின் அடியில், குறுக்குச் சட்டங்களுக்கு மேலாக நாடாக்களை முடிந்தோம். பூனையைத் தூக்கி வந்து ஏணையில் இட்டோம். மறுகணமே குதித்தோடி, பழைய இடத்தில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டது. கருவாட்டுத் துண்டு வைத்தும் பயனில்லை. மூன்று நாட்கள் இப்படியே கழிந்தன.

நான்காம் நாள்தான் நமக்கு உறைத்தது. பூனை தேடியது மெத்தென்ற படுக்கையை அன்று, உம்மாவின் இடத்தை. அதற்குத் துணி தைத்துக் கொடுத்த நாமே, அது நாடிய இடத்திலிருந்து நாற்காலியை அகற்றியவர்கள். நம் துயரைக் காணப் பொறாமல் நாம் ஒளித்து வைத்ததை அந்த வாயில்லாச் சீவன் நாள்தோறும் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. நாற்காலியை ஏணையோடு சுமந்து வந்து பழைய இடத்தில் வைத்தோம். பூனையை அழைக்கவில்லை. அஸர் தொழுது எழுந்து பார்க்கையில் அது ஏணைக்குள் கிடந்தது. நாமும் அன்றுதான், பல வாரங்களுக்குப் பின், அந்த நாற்காலியில் அமர்ந்து உம்மாவின் தஸ்பீஹைக் கையில் எடுத்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை தங்கை வந்தாள். தெருக்கோடியில் வாழும் மூதாட்டிக்குப் புதுச் சேலையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். நாற்காலியின் அருகே அமர்ந்து, உறங்கும் பூனையை எழுப்பாமல், நாடாவில் தெரிந்த சேலைக் கரையை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் வல்ல இறைவன் நம் தாயாரின் மண்ணறையை விசாலமாக்கி வைப்பானாக! ஆமீன்.