வாடகைக்குக் கிடைக்காத பிடி

ஆட்டத்துக்கென்று மாதச் சம்பளமும் எழுத்து ஒப்பந்தமும் இல்லாமல், பரிசுப் பணத்தில் பங்கு, பயணச் செலவு, ஆளைப் பொறுத்துக் கைமாறும் ஒரு தொகை ஆகியவற்றை நம்பி இயங்கும் விளையாட்டுக் குழுக்களை அரைத்தொழில்முறைக் குழுக்கள் எனலாம். தமிழ்நாட்டுக் கூடைப்பந்தில் இந்நிலை பெரும்பாலும் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து நடத்தும் அணிகளின் வழியே உருவானது. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள கெட்டித் தளமும் இரண்டு வளையக் கம்பங்களும் தேவைப்படுவதால், அவ்விளையாட்டு சென்னை, கோவை போன்ற நகரங்களிலும், பெரியகுளம் போல அகில இந்தியப் போட்டி நடத்திப் பழகிய சில ஊர்களிலும் மட்டுமே வேரூன்றியது. கிழக்குக் கடற்கரையின் சிற்றூர்களில் அந்த இடத்தைக் கபடி பிடித்துக்கொண்டது. அதற்கு வேண்டியவை கொத்திப் பதப்படுத்திய மண்ணும் சுண்ணாம்புத் தூளும் பதினான்கு ஆட்களும்தான்.

புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் வட்டத்தில், பாக் நீரிணையை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த மீமிசல் இத்தகைய ஊர்களுள் ஒன்று. இப்பகுதிக் குழு ஒன்றின் ஒரு பருவத்தை, அதாவது தை முதல் ஐப்பசி வரையிலான போட்டிக் காலத்தை, அதன் பயிற்சியாளரின் நினைவுகளோடு சேர்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். ஆட்டக்காரர்கள் அவரை ‘மாஸ்டர்’ என்றே அழைக்கின்றனர். தமக்குள் அண்ணன், மாப்பிள்ளை, பாய் என்ற முறைப்பெயர்களே வழங்குகின்றன. ஒரே குழுவில் விசைப்படகில் போகிறவரும், நாட்டுப்படகுக்காரரும், இறால் பண்ணையில் இரவுக் காவல் பார்ப்பவரும், கல்லூரி மாணவரும் இருப்பதால், ஏழு பேரையும் ஒரே மாலையில் ஒரே களத்தில் நிறுத்துவதே பயிற்சியாளரின் முதல் வேலையாகிறது.

இந்த வேலைக்கு உதவுவதும் இடையூறாவதும் கடலே. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் துறைகளின் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களில் கடலுக்குச் செல்வது வழக்கம். எஞ்சிய நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. இழுவை வலைப் படகுகளும் சிறு படகுகளும் ஒரே கடலில் மோதிக்கொள்ளாமலிருக்க ஏற்பட்ட இந்த ஏற்பாட்டின் விளைவாக, பயிற்சிக்குரிய கிழமைகளைப் பயிற்சியாளர் தேர்ந்தெடுப்பதில்லை, கடல் ஒதுக்கித் தருகிறது. அதிலும் விசைப்படகுக்காரர் கரையில் இருக்கும் நாளில் நாட்டுப்படகுக்காரர் கடலில் இருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு மட்டுமே உரியது. பங்குனி, சித்திரை, வைகாசிக் கோயில் விழாக்களும் பள்ளி விடுமுறையும் அக்காலத்தோடு ஒட்டி வருவதால், வருமானம் நின்றுபோகும் அந்த இரண்டு மாதங்களே குழுவின் பொற்காலமாக அமைவது ஒரு முரண். நோன்பு மாதம் குறுக்கிட்டால் பயிற்சி தராவீஹ் தொழுகைக்குப் பிந்திய இரவுக்குத் தள்ளிப்போகும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபடும் செய்தி இக்கரைக்குப் புதிதன்று. ஆகையால் ஓர் ஆட்டக்காரர் சொல்லாமல் வராதிருந்தால் பயிற்சியாளர் கோபப்படுவதற்கு முன் படகு திரும்பிவிட்டதா என்று விசாரிக்கிறார்.

ஆடுகளம் அமைப்பதும் ஒரு கைத்தொழிலே. ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. கரையோர மண்ணில் கிளிஞ்சல் துண்டுகள் மிகுதியாக இருப்பதால், மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்டி, கைவிரல்களால் துழாவிக் கூர்மையானவற்றைப் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, மிதித்து, மீண்டும் மேலடுக்கைப் பொலபொலப்பாக்க வேண்டும். மண் மிக இறுகினால் முழங்காலும் தோளும் சிராய்க்கும். மிக இளகினால் பாடுபவரின் கால் புதையும். மாவட்ட, மாநில அளவில் இப்போது செயற்கை விரிப்பின் மீது, அதாவது ‘மேட்’டில், காலணியோடு ஆடுவதே நடைமுறை என்பதால், வெறுங்காலோடு மண்ணில் வளர்ந்தவர்கள் அங்கே முதலில் தடுமாறுகின்றனர். மண்ணில் பாதம் சற்றே வழுக்கிப்போய் நிற்கும். மேட்டில் காலணி சட்டென்று பற்றி நிற்கும். உடல் நகர்ந்துகொண்டிருக்கப் பாதம் மட்டும் நின்றுவிடும் அந்தக் கணத்தில்தான் முழங்கால் தசைநார், பேச்சுவழக்கில் ‘லிகமென்ட்’, கிழிகிறது என்பது பயிற்சியாளரின் கணிப்பு.

ஆட்டத்தின் சொற்களைச் சற்று விளக்க வேண்டும். எதிர்ப்பக்கம் சென்று ஆட்களைத் தொட்டுத் திரும்புவதைப் ‘பாடுதல்’ என்பது தமிழ் வழக்கு; மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று சொல்லிக்கொண்டே செல்வதால் அப்பெயர் வந்தது. இன்றைய ஆட்டக்காரர்கள் பாடுபவரை ‘ரைடர்’ என்றும் தடுப்பவரைக் ‘கேட்சர்’ என்றும் சொல்கின்றனர். ஒரு பாட்டுக்கு 30 வினாடி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் உள்ள ‘பாக் லைன்’ கோட்டையேனும் தாண்டாமல், யாரையும் தொடாமல் திரும்பினால் பாடியவர் வெளியேற வேண்டும். அதற்கு ஒரு மீட்டர் அப்பால் உள்ள போனஸ் கோட்டை, எதிரணியில் ஆறு பேராவது களத்தில் இருக்கும்போது, பின்னங்கால் தரையில் படாமல் முன்னங்காலால் தாண்டினால் ஒரு புள்ளி. ஏழு பேரும் வெளியேறினால் எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளிகள், அது ‘லோனா’.

இந்த விதிகளுள் பயிற்சியாளர் எப்போதும் திரும்பத் திரும்ப எடுத்துரைப்பது ஒரு கணக்கை. பாடுபவரைப் பிடித்து நிறுத்தினால் பிடித்த அணிக்குக் கிடைப்பது, எத்தனை பேர் சேர்ந்து பிடித்தாலும், ஒரே ஒரு புள்ளி. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் மட்டும் இரண்டு. ஆனால் பிடி நழுவி அவர் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், அவர்மேல் கை வைத்த அத்தனை பேரும் வெளியேற வேண்டும், அத்தனை புள்ளிகளும் அவருக்கு. உதவிக்குப் பாயும் ஒவ்வொருவரும் பிடியை உறுதியாக்குகிறார், அதே நேரத்தில் தோற்றால் இழக்கப்போவதையும் கூட்டுகிறார். ஆகவே முதலில் பாய்ந்தவர் தனியாக விடப்பட்டாலும் ஆபத்து, எல்லாரும் தாமதமாகப் பாய்ந்தாலும் ஆபத்து. பாய்வது என்றால் அரை வினாடிக்குள் பாய வேண்டும். அந்த அரை வினாடியில் யோசிக்க நேரமில்லை. அது பழக்கத்திலிருந்து மட்டுமே வரக்கூடியது.

ஓரங்களில் நிற்கும் இருவர் ‘கார்னர்’. அவர்களை அடுத்து உள்பக்கம் நிற்பவர்கள் ‘இன்’, அதற்கும் அடுத்தவர்கள் ‘கவர்’. ஓர ஆட்டக்காரரின் முதன்மை ஆயுதம் கணுக்கால் பிடி: போனஸுக்கு நீளும் காலை, குனிந்து விழுந்து, இரண்டு கைகளாலும் பற்றிக் கொள்வது. வலை இழுத்துப் பழகிய கைகளுக்கு இந்தப் பற்றுதலைக் கற்பிக்க வேண்டியதில்லை எனப் பயிற்சியாளர் கருதுகிறார். அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியது பக்கவாட்டுக் கால்நகர்வு, ஏனெனில் படகில் நிற்பவர் அதன் ஆட்டத்துக்கு ஏற்பக் காலை ஊன்றிச் சமநிலை காப்பாரேயன்றி இடம் மாறுவதில்லை. கவர் ஆட்டக்காரரின் வேலை வேறு. கணுக்கால் சிக்கிய ரைடர் நடுக்கோட்டை நோக்கித் தாவும்போது மார்பால் குறுக்கே மறிப்பது ‘பிளாக்’. ஓரமாகத் தப்ப முயல்பவரைத் தோளால் மோதிக் களத்துக்கு வெளியே தள்ளுவது ‘டேஷ்’.

இவற்றை இணைப்பது ‘செயின்’ என்னும் சங்கிலி. அருகருகே நிற்கும் இருவர் கைகோத்து முன்னும் பின்னும் ஒன்றாக நகர்வதே அது. பார்வையாளருக்குச் சிறுவர் விளையாட்டுப் போலத் தோன்றும் இக்கைகோப்பு, உண்மையில் ஒரு செய்தித்தொடர்பு: இடப்புறத்தவர் பாயத் தீர்மானித்த கணத்தில் அவர் விரல்கள் இறுகுகின்றன, வலப்புறத்தவர் கண்ணால் காணும் முன்பே கையால் அறிந்துகொள்கிறார். ஒரு மாலைப் பயிற்சியில் பயிற்சியாளர் இருவரையும் கண்களைத் துண்டால் கட்டிக்கொண்டு, கைகோத்தவாறு, விசில் ஒலிக்கு நகரச் செய்ததைக் காண முடிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதுவே நடந்தது. பாடும் பயிற்சிக்கு அன்று ஒதுக்கப்பட்ட நேரம் கால் மணிதான். வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்கள் சலித்துக் கலைந்து போயினர்.

இப்பருவத்தின் பெரும் சிக்கல், இந்தச் சங்கிலி நீண்ட பழக்கத்தைக் கேட்பதிலிருந்தே தொடங்கியது. கோயில் விழாக்களையும் நினைவுநாட்களையும் ஒட்டி நடைபெறும் மின்னொளிக் கபடிப் போட்டிகள், அதாவது விளக்குக் கம்பங்கள் நட்டு இரவு முழுதும் நடத்தப்படுபவை, எடைப்பிரிவுகளாகவும் எடை வரம்பற்றும் அமைகின்றன. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் பரிசுத்தொகையை ஏற்றுக்கொள்கின்றனர். சுழற்கோப்பையோடு ஆட்டுக்கிடா வழங்குவதும் உண்டு. (விளம்பரப் பலகையில் படம் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு நன்கொடை என்று கொள்ளலாம், ஆட்டக்காரர் படத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.) பரிசு பெரிதாகும்போது குழுக்கள் வெளியூர் ஆட்டக்காரர்களை ஓர் இரவுக்குத் தொகை பேசி அழைத்து வருகின்றன. அவ்வாறு அழைக்கப்படுபவர் ஏறத்தாழ எப்போதும் ரைடராகவே இருக்கிறார். காரணம் எளிது: பாடுவது தனிச்செயல். ஒருவர் மாலையில் வேனிலிருந்து இறங்கி, யாருடைய பெயரும் தெரியாமலே, இரவில் பதினைந்து புள்ளிகள் எடுத்துக் கொடுத்துவிட முடியும். பிடிப்பதோ அப்படியன்று.

சித்திரைக்குப் பின் குழுவின் ஆதரவாளர்கள் வற்புறுத்தியதால் இரண்டு வெளியூர் ரைடர்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு இடம் கொடுக்க இடக்கவரும் வல இன் ஆட்டக்காரரும் மாற்று ஆட்களாக உட்கார வேண்டியதாயிற்று. அடுத்த சில போட்டிகளில் குழு எடுத்த புள்ளிகள் கூடின, விட்டுக்கொடுத்த புள்ளிகளோ அதைவிடக் கூடின. பயிற்சியாளர் வைத்திருக்கும் பள்ளி நோட்டில் இது தெளிவாகப் பதிவாகியுள்ளது. பாட்டுப் புள்ளிகளை நீல மையிலும் பிடித்து வென்றவற்றைச் சிவப்பு மையிலும் எழுதுவது அவர் வழக்கம், வைகாசிப் பக்கங்களில் சிவப்பு அருகிவிடுகிறது. தோல்விக்கு ஆதரவாளர்கள் கண்ட காரணம் இன்னும் நல்ல ரைடர் வேண்டும் என்பது. ஒரு பாதியில் கிடைக்கும் 30 வினாடி இடைவேளைகள் இரண்டில், கைகோத்தே பழகாத இருவருக்கு எதைச் சொல்லித் திருத்துவது என்று தமக்கே தெரியவில்லை எனப் பயிற்சியாளர் ஒப்புக்கொள்கிறார். ஆனி மாதத்தில் அவர் வெளியாட்களை அழைப்பதை நிறுத்தியதால் நன்கொடை குறைந்தது. வேன் வாடகை கொடுக்க முடியாமல் தொலைவான போட்டிகள் கைவிடப்பட்டன. இந்த முடிவு சரியா என்பதில் குழுவுக்குள்ளேயே இன்றும் இருவேறு கருத்துகள் உண்டு. ஆட்டத்தின் அடிப்படையில் பார்த்தால் பயிற்சியாளர் பக்கமே நியாயம் மிகுதி. ஆனால் வீட்டுச் செலவுக்குப் பரிசுப் பங்கை எதிர்பார்த்திருந்தவரின் கணக்கு நோட்டில் அந்த நியாயத்துக்கு வரவு இல்லை.

இளைஞர்களை இவ்விளையாட்டில் நிறுத்தி வைப்பது பரிசுப் பணம் மட்டுமன்று. மாநில அளவிலான சான்றிதழ், கல்லூரிச் சேர்க்கைக்கும் அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்குரிய மூன்று விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கும் வழி திறக்கக்கூடியது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி பதக்க விளையாட்டானதும், 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் மணத்தி கணேசன் இடம்பெற்றதும், 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியதும், 2017இல் தமிழ் தலைவாஸ் அதில் சேர்ந்ததும் இக்கரையில் எல்லாரும் அறிந்த செய்திகள். பயிற்சியாளர் மிகுதியாக எடுத்துக்காட்டும் பெயர், தஞ்சை மாவட்டத்திலிருந்து சென்று இந்திய அணியிலும் லீக்கிலும் ஆடிய தர்மராஜ் சேரலாதனுடையது. அவர் ரைடர் அல்லர், ஓரத்தில் நின்று கால் பிடித்தே பெயர் பெற்றவர் என்பதை மாஸ்டர் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்கிறார். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னைக் கண்ணகி நகர்க் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கம் வென்ற அணிகளில் இருந்தது, ஊரில் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு குழு வேண்டும் என்ற பேச்சைக் கிளப்பியது. பேச்சு இன்னும் களத்துக்கு வரவில்லை.

ஆவணியில் நிலைமை சற்றுத் தேறியது. பழைய இடக்கவர் திரும்பிய பின் குழு 65 கிலோ பிரிவில் இரண்டு இறுதியாட்டங்கள் வரை சென்றது. எடை குறைக்க வேண்டிய மூவர் போட்டிக்கு முந்தைய நாள் சோறும் தண்ணீரும் தவிர்த்துவிட்டு வெயிலில் ஓடுவதை நிறுத்தப் பயிற்சியாளர் பட்ட பாடு தனி. எடை பார்க்கும் தராசில் தேறியவர் களத்தில் கால் தசை பிடித்து விழுவதைப் பலமுறை பார்த்தவர் அவர்.

புரட்டாசிக் கடைசியில் இடக்கவருக்குக் குவைத் விசா வந்தது. மூன்று ஆண்டுகளாக அவர் கையைப் பிடித்து நின்ற இட இன் ஆட்டக்காரர் விசைப்படகில் போகிறவர். வழியனுப்பும் நாள் புதன்கிழமையாக இருந்ததால் அவர் கடலில் இருந்தார். ஐப்பசி மழை தொடங்கி ஆடுகளத்தில் தண்ணீர் நின்றதும் போட்டிகள் முடிந்தன. ஆயினும் கரைக்கு வரும் நாட்களில், மாலையில், மீன் ஏலம் போடும் கொட்டகையின் ஈரத் தரையில் அந்த இன் ஆட்டக்காரரும் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனும் கைகோத்து நிற்கின்றனர். பையனின் கை சிறியது. விரல்களைக் கோக்காமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும்படி மாஸ்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். இருவர் கண்களிலும் துண்டு கட்டப்பட்டிருக்கிறது.