மழையை முந்தும் மண்பானைகள்

மதுரையிலிருந்து இராமேசுவரம் போகும் வழியில், ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், வைகையின் இரு கரையிலுமாக இருக்கிறது மானாமதுரை. இவ்வூர் மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குயவர் தெருவில் எதைப் பார்க்க முடியும் என்பது போகிற மாதத்தைப் பொறுத்தது.

கண்மாய்கள் வற்றிக் கிடக்கும் கோடையில் போனால் வாசலெங்கும் மண் குவிந்திருக்கும். தண்ணீர் ஏறிவிட்டால் கண்மாயில் மண் வெட்ட முடியாது; மழைக்காலத் தேவைக்கும் சேர்த்து அப்போதே கொண்டுவந்தாக வேண்டும். ஊறவைத்த களிமண்ணோடு மணல் சேர்த்துக் காலால் மிதிக்கிறார்கள். சிறு கல் ஒன்று தட்டுப்பட்டாலும் கால் நின்றுவிடும். தண்ணீர்ப் பானைக்கும் கோடைதான் நல்ல விற்பனைக் காலம்.

கார்த்திகைக்கு அகல் விளக்கும் தைக்குப் பொங்கல் பானையும் வேண்டும். ஆனால் அவற்றுக்கு முந்தைய வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. ஈரம் போகாத பச்சைப் பானையைச் சூளையில் வைத்தால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை உடைத்துவிடும். அதனால் ஆவணி, புரட்டாசி வெயிலிலேயே முடிந்தவரை வனைந்து, சுட்டு, வீட்டுக்குள் அடுக்கிவிடுகிறார்கள். படுக்க இடம் சுருங்கினாலும் பானைக்கு இடம் உண்டு.

இவ்வூரின் பெருமை கடம். விக்கு விநாயக்ராம் உலக மேடைகளுக்குக் கொண்டுபோன இசைக்கருவி அது. மானாமதுரைக் கடம் கனத்தது. அதன் நாதமும் கணீரென்றிருக்கும். குயவர் சக்கரத்தில் கழுத்தும் தோளும் மட்டுமே உருவாகின்றன. அடிப்பகுதி திறந்தே இருக்கும். சற்று இறுகியதும் உள்ளே ஒரு கையால் கல்லைத் தாங்கி, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். ஆயிரக்கணக்கான தட்டுகள். பலகையின் ஓசை மாறும் இடத்தில் கையும் நிற்கிறது. அங்கே சுவர் தடித்திருக்கிறது என்று பொருள். எங்கும் ஒரே கனம் இருந்தால்தான் நாதம் சீராக வரும். இதை அளக்கக் கருவி இல்லை, காதுதான். அம்மாவின் பலகைச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது தனியாகக் கற்பிக்கப்படுவதில்லை.

பிறகு பல நாள் நிழலில் காய வேண்டும். வெயில் பட்டால் விரிசல் விடும். சூளையில் மண் சுருங்கும்போது சுருதியும் நகர்கிறது. ஆறிய கடத்தை விரல் முட்டியால் தட்டிய பிறகுதான் அதன் சுருதி தெரியவரும். கேட்டவருக்குச் சேராவிட்டால், வேறு சுருதி தேடி வருபவருக்காக அது திண்ணையில் காத்திருக்கும்.