மொரட்டுவைப் பட்டறைகளும் எங்கள் வீட்டு அலுமாரியும்

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் காலி வீதி வழியே தெற்கு நோக்கிப் போனால், இரத்மலானையைத் தாண்டியபின் வீதியோரங்களில் கட்டில்களும் கதிரைகளும் அலுமாரிகளும் வரிசைகட்டி நிற்கத் தொடங்கும். அதுதான் மொரட்டுவை. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீற்றர் தூரம். ஒருபுறம் கடல், மறுபுறம் பொல்கொட ஏரி. தளபாடம் என்றதும் இலங்கையில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் ஊர் இது. கதிரை, மேசை, அலுமாரி என்று நாங்கள் சொல்லும் சொற்களே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவைதான். தச்சரைக் குறிக்கும் 'பாஸ்' என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுப்போனது.

கடையின் முன்பக்கத்தில் நின்றால் மினுக்கம் மட்டுமே தெரியும். நான் பின்பக்கத்தைப் பார்க்க விரும்பினேன். அதற்குக் காரணம் உண்டு. வன்னியில் எமது பெண்கள் குழுக்களில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். "மிஸ், அம்மான்ர அலுமாரி ஒண்டுதான் மிஞ்சினது. நிறமெல்லாம் போட்டுது. அதுக்கு என்ன பூசலாம்?" 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2009 வரை இடம் இடமாக ஓடியபோதும் தளபாடத்தை யார் தூக்கிச் செல்வது? ஏதோ ஒரு உறவினர் வீட்டில் ஒதுங்கிக் கிடந்த ஒரு பெட்டகமோ சாய்மனைக் கதிரையோ திரும்பக் கிடைத்தால், அதை விறகாக்க எவருக்கும் மனம் வராது. புதிது வாங்கவும் வசதி இல்லை.

நான் சென்ற பட்டறை மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. மகோகனிப் பலகையின் சிவந்த தூள் எங்கும் படிந்திருந்தது. ஒரு மூலையில் முகமூடி போட்ட இளைஞன் லக்கரை விசிறிக்கொண்டிருந்தான். பத்து நிமிடம் நிற்பதற்குள் எனக்குக் கண் எரிந்து தலை இடித்தது. கடைகளில் நாங்கள் வியந்து தடவிப் பார்க்கும் கண்ணாடிப் பளபளப்பு இப்படித்தான் வருகிறது.

வயதான பாஸ் ஒருவரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விடயத்தைச் சொன்னேன். மரம் எது, எத்தனை வயது என்றெல்லாம் கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "அந்த வீட்டில் எங்கே படுக்கிறார்கள்?"

எவ்வளவு சரியான கேள்வி! இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட எமது வீடுகள் சுமார் 550 சதுர அடி. அலுமாரி நிற்கும் அறையில்தான் பிள்ளைகள் படுப்பார்கள். அடுப்படியும் பக்கத்திலேயே. வெளியே வைத்துப் பூசலாமே என்றால், சோளகம் வீசும் மாதங்களில் கிளிநொச்சிப் பக்கத்துப் புழுதி யாருக்குத் தெரியாது? சாதாரண எண்ணெய் வார்ணிஸ் காய ஒரு நாள் வரை எடுக்கும். அதற்குள் பூச்சின் மேல் மண் ஒட்டி, கைவைத்தால் நறநறவென்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவே காயாது. ஆகவே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள் என்றால் தின்னர் கலந்த லக்கர் வேண்டாம் என்று அவர் கையை வீசிச் சொன்னார். இரண்டு ரின்களைக் கலந்து பூசும் பொலியூரித்தேன் அதைவிடக் கூடாதது. அதன் ஆவி ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. கர்ப்பிணிகளும் இழுப்பு உள்ள பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் இவற்றை நினைக்கவே கூடாது என்பது என் கருத்து.

அவர் எடுத்துக் காட்டியது அவல்போல மெல்லிய, பழுப்புத் தகடுகள். அரக்குப் பூச்சியிடமிருந்து கிடைக்கும் ஷெலாக். பிரெஞ்சுப் பொலிஷ் என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். கால் லீற்றர் ஸ்பிரிட்டில் 50 கிராம் போட்டு மூடி ஓர் இரவு வைத்தால் கரைந்துவிடும். பழைய பருத்தித் துணிக்குள் பஞ்சை வைத்துப் பொட்டலமாகக் கட்டி, அதில் தொட்டு மெல்லியதாக இழுக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். புழுதி ஒட்ட நேரமில்லை. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் தொடங்கினால், அவர்கள் திரும்பும்போது அனேகமாக மணமும் போய்விடும். பழைய பூச்சும் ஷெலாக்தானா என்று அறிய, மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அதேதான். அப்படியானால் முழுவதையும் சுரண்டத் தேவையில்லை. துடைத்து, மேலே பூசலாம்.

குறையும் உண்டு. சூடான தேநீர்க் கோப்பையை வைத்தால் வெள்ளை வளையம் விழும். எனவே அலுமாரி, பெட்டகம், கட்டில் தலைமாடு இவற்றுக்கு ஷெலாக் நல்லது. சாப்பாட்டு மேசைக்குச் சரிவராது. மேசைக்குத் தண்ணீரில் கலக்கும் வார்ணிஸ் பெரிய நகரக் கடைகளில் கிடைக்கும். விலை கூட, ஆனால் மணம் குறைவு. முதற்பூச்சில் மரத்தின் நார் எழும்பும். காய்ந்தபின் சான்ட் பேப்பரால் மெல்லத் தடவி மறுபடி பூசவேண்டும். தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் எம்மிடம் உண்டு. முதல் நாள் அழகாய்த்தான் இருக்கும். அந்த எண்ணெய் மரத்தில் இறுகாது. பிறகு தூசி பிடித்து ஊசல் மணம் வரும்.

பழைய பெயின்ற் பூசிய தளபாடம் என்றால் இன்னொரு கவனம். பெயின்றில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இங்கு 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்றை உலர்ந்தபடி தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவேண்டாம்.

எங்கள் மரங்களில் ஷெல் துண்டு இருக்கலாம் என்றதும் பாஸ் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, வன்னியிலிருந்து வரும் மரங்களில் வாள் பல்லு உடைவது தங்களுக்கும் தெரியும் என்றார். தேய்க்கும் முன் ஒரு காந்தத்தைப் பலகை மேல் நகர்த்திப் பார்க்கச் சொன்னார். துளையை மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாம். ஆனால் பூசியபின் அந்த இடம் வேறு நிறமாகத் தெரியும், அதை மறைப்பது கடினம் என்றார். இதைப் பின்னர் ஒரு தாயிடம் சொன்னபோது, "தெரிஞ்சால் தெரியட்டும் பிள்ளை, கரப்பான் போகாமல் அடைச்சால் காணும்" என்றார்.

நெருப்பைப் பற்றிப் பாஸ் இரண்டு தரம் சொன்னார். ஸ்பிரிட் ஆவி குப்பென்று பற்றும், பகலில் அதன் சுவாலை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பூசும் நாளில் அடுப்பு, விளக்கு, சாம்பிராணி எதுவும் வேண்டாம். கதவு யன்னல் இரண்டும் திறந்திருக்க வேண்டும். மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கக்கூடாது. அது நஞ்சு, பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொட்டகைக்கு வெளியே கொடியில் அப்படியான துணிகள் ஒன்றின்மேல் ஒன்று படாமல் விரித்துக் காயப்போட்டிருந்தன. உடுப்புத் தோய்த்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் வரும்போது நினைத்திருந்தேன்.