ஆரல்வாய்மொழிக் காற்று

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் மார்க்கத்தில், மேற்கு மலைத்தொடர் முடிவுறுமுன் ஓரிடத்தில் சற்றே விலகி வழிவிட்டு நிற்கிறது. அதுவே ஆரல்வாய்மொழிக் கணவாய். 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் வீரர்கள் ஆங்கிலப் பட்டாளத்தை எதிர்த்து நின்ற அரண் இங்கேதான் இருந்தது. இன்று முப்பந்தல் வெளியெங்கும் அணிவகுத்து நிற்பவையோ நூற்றுக்கணக்கான வெண்ணிறக் காற்றாலைகள்!

ஆடி மாதத்தில் இங்கு வருகிறவர்கள் அங்கவஸ்திரத்தை இறுகப் பற்றிக்கொள்வது நலம். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மழையையெல்லாம் மலைக்கு அப்பால் தானம் செய்துவிட்டு, வெறுங்கையுடன் இக்கணவாயில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. அகன்ற வாய்க்கால் குறுகிய மடையில் புகுந்தால் வேகங் கொள்வதில்லையா? அதைப் போலத்தான். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகிறது. கணவாயின் மகிமை இப்பொழுது விளங்கும்.

காற்று இலைகளைத் தள்ளிச் சுழற்றுவதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. ஆகாய விமானத்தின் இறக்கையைப் போன்று வளைந்த இலையின் ஒரு புறத்தில் காற்றின் அழுத்தம் குறைகிறது. இலை அப்பக்கம் இழுக்கப்படுகிறது. நிமிஷத்துக்குப் பதினைந்து, இருபது முறை மெல்லச் சுழலும் அச்சின் வேகத்தைப் பெரும்பாலான யந்திரங்களில் பற்சக்கரங்கள் ஆயிரத்துக்கு மேல் பெருக்குகின்றன. அவ்வேகத்தில் காந்தமும் தாமிரக் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது. காற்றின் சக்தி முழுவதையும் கறந்துவிட முடியாது. நூற்றுக்கு 59 பங்கே உச்ச வரம்பு. முழுவதும் கறந்தால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்வருவதற்கு வழியேது?

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. மின்சாரம், பத்தாயத்தில் கொட்டிவைக்கும் நெல்லன்று; உண்டான கணத்திலேயே செலவாக வேண்டும். ஊர் உறங்கும் நள்ளிரவில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். காரிருள் கவியும் ஐப்பசியில் ஓய்ந்துவிடும். நல்ல காற்றுக் காலத்திலே யந்திரங்களை நிறுத்திவைக்க நேர்ந்த வருஷங்களும் உண்டு. நம் வீட்டு வாசலில் வீசும் காற்றை நிறுத்திவிட்டு, கப்பலேறி வந்த அந்நிய நிலக்கரியை எரிப்பது எந்தச் சுதேசியம்?

காற்றுக்கும் ஒரு பத்தாயம் வேண்டுமென்றால், வடக்கே ஆனைமலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே காடம்பாறையில், மலையைக் குடைந்து பூமிக்குள் மின்நிலையம் அமைத்திருக்கிறார்கள். 1987-ல் வேலை தொடங்கிய இந்நிலையத்தின் திறன் 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் வேளையில் கீழே மேல் ஆழியாறு ஏரியின் நீரை மேலேற்றி, விளக்கு வைக்கும் வேளையில் இறக்கிவிடலாம். ஏற்றும்போது பம்பாகும் யந்திரமே, இறக்கும்போது எதிர்ப்புறம் சுழன்று மின்சாரந் தருகிறது. நான்கு பங்கு கொடுத்தால் ஏறக்குறைய மூன்று பங்கு திரும்பும். காற்றோடு போவதற்கு இது எவ்வளவோ மேல்!

ஆனால், தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். அதற்கு இப்பத்தாயம் மிகச் சிறிது. நீலகிரியிலே குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு மற்றொன்றை எடுத்துக் கட்டத் தொடங்கியது இதனால்தான்.