எங்க வீட்டுச் சுவர்

ஆண்டு மலரில் எல்லோரும் நாட்டைப் பற்றியும் நட்பைப் பற்றியும் எழுதுகிறார்கள். நான் சுவரைப் பற்றி எழுதுகிறேன். "சிவில்காரன் வேறெதை எழுதுவான்?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சிரித்துக்கொள்ளட்டும்!

தை மாதம் அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. பதினைந்தே நாள். எங்களுடையது ஓட்டு வீடு. முன்னறையில் பழைய டிஸ்டெம்பர் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா இருபது வருஷமாகக் கொத்தனாருக்குக் கையாள். ஊரார் வீட்டுச் சுவருக்கெல்லாம் கலவை சுமந்தவர். சொந்தச் சுவருக்குத்தான் கையில் காசு நின்றதில்லை. பெயிண்ட் கடையில் பட்டி, பிரைமர், எமல்ஷன் என்று அடுக்கிச் சொன்ன தொகை என் செமஸ்டர் ஃபீஸைத் தாண்டியது.

"சுண்ணாம்பே போதும்டா. ஓதம் ஏறுற சுவருக்கு அதுதான் நல்லது" என்றார் அப்பா. பாடத்திலும் அதுதான் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும்; பெயிண்ட் அடைத்துக்கொண்டு உரியும்.

செய்முறை இதுதான். பழைய பூச்சை நன்றாகச் சுரண்டிவிட வேண்டும். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்து வெடிக்கும். பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம், முகத்தை நீட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஒருநாள் முழுக்க ஊறவிட்டு, கிலோவுக்கு ஐந்து லிட்டர் கணக்கில் கரைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசையும் துணிக்குப் போடும் நீலமும் சேர்க்க வேண்டும். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தேங்காய் மட்டையின் நுனியைத் தட்டி நாராக்கினால் அதுவே பிரஷ். முதல் பூச்சு மேலும் கீழும், காய்ந்தபின் அடுத்தது குறுக்கே. ஈரத்தில் ஒன்றுமே தெரியாது, ஏமாந்து கெட்டியாக அடிக்காதீர்கள். காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து அது மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. கெமிஸ்ட்ரியில் மனப்பாடம் செய்த சமன்பாட்டை அப்பாவுக்குச் சொன்னேன். "இத்தனை நாளா கல்லையா அடிச்சிட்டு இருந்தேன்!" என்றார். எனக்கு அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்தது.

அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை. மொத்தச் செலவு 480 ரூபாய்.

அடுத்து, எதை மாட்டுவது? மளிகைக் கடை காலண்டர்ப் படம் ஒன்றே ஒன்று. காலண்டர்ப் படம் என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) போன்ற பெரிய ஓவியர்கள் வரைந்தது அவற்றுக்குத்தான். மைதாப் பசையில் துளி மயில்துத்தம் கலந்து அட்டையில் ஒட்டினால் பூச்சி அரிக்காது. (துத்தம் விஷம், ஜாக்கிரதை!)

அம்மாவுக்கு நான் பரிசு வாங்கும் போட்டோவை நடுச் சுவரில் மாட்ட ஆசை. "பார்க்க வர்றது என்னையா?" என்றேன். அக்கா பத்தாவதோடு நின்றவள். இரண்டு பேரையும் படிக்கவைக்க முடியாது என்று தெரிந்து அவளே நின்றுகொண்டாள். அவள் தையல் மிஷின் மிதித்த காசில்தான் என் டிராஃப்டர் வந்தது. வெட்டி மிஞ்சிய துணியில் அவள் நூல் வேலை செய்த மயில் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி நடுவில் மாட்டினேன்.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு, "இது யார் போட்டது?" என்றார்.

அக்கா, "நான்தான்" என்றாள். அன்று அவள் தலைநிமிர்ந்து பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

வைகாசியில் கல்யாணம். மயிலை எடுத்துக்கொண்டு போவேன் என்கிறாள் அக்கா. தரமாட்டேன் என்கிறாள் அம்மா. வழக்கு இன்னும் தீரவில்லை.