அந்த அம்மாவுக்கு ஏன் கேட்கவில்லை?

2012ஆம் ஆண்டு. நான் பணி ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கோவையில் அவனுக்கு ஒரு சிறிய நிறுவனம். சில மருத்துவமனைகளுக்கு வரும் போன்களை எடுத்துப் பேசி, டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுப்பார்கள்.

"மாமா, திங்கட்கிழமை காலையில ஒன்பதரை மணி ஆச்சுன்னா குரல் துண்டு துண்டாப் போகுது. ஒரு மாசத்துல சரி பண்ணலைன்னா வேற ஆளைப் பார்த்துக்குவோம்னு பெரிய ஆஸ்பத்திரியில லெட்டர் கொடுத்துட்டாங்க. புது சர்வர் நாலு லட்சம் ஆகும். அவ நகையை வெச்சுத்தான் வாங்கணும்."

"நான் பார்த்ததெல்லாம் ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச். உன் கம்ப்யூட்டரைப் பத்தி எனக்கு என்ன மாப்ளே தெரியும்?" என்றேன்.

"நெரிசலைப் பத்தித் தெரியுமில்ல மாமா" என்றான். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

எங்கள் காலத்து எக்ஸ்சேஞ்ச் பெரிய ஹால் நிறைய ராக்குகளாக இருக்கும். காலை பத்து மணிக்கு செலக்டர்கள் ஏறி இறங்கும் சத்தத்திலேயே அன்றைய போக்குவரத்தைச் சொல்லிவிடுவோம். அவனுடைய எக்ஸ்சேஞ்சோ மேஜைக்கு அடியில் இருந்த ஒரு பெட்டி. அதில் ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருள் ஓடியது. மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர் 1999இல் எழுத ஆரம்பித்தது. பேசும் குரலை அது சின்னச் சின்னப் பொட்டலங்களாக அனுப்புகிறது. ஒரு பொட்டலத்தில் 20 மில்லி செகண்டு பேச்சு. அதாவது ஒரு செகண்டுக்கு 50 பொட்டலம். ஒன்று தாமதமானாலும் காதில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை எட்டரைக்கே போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த மூன்று பையன்களும் மூன்று காரணம் சொன்னார்கள். ஒருவன் இன்டர்நெட் லைன் போதவில்லை என்றான். ஒருவன் பிராசசர் பழசு என்றான். மூன்றாமவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றான். மூன்றையும் சேர்த்தே செய்துவிடலாம் என்பது என் மாப்பிள்ளையின் யோசனை.

எழுபதுகளில் நான் தபால் தந்தித் துறையில் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி ஒருவர் என்னிடம் ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்தார். லைன் கிடைக்கவில்லை என்று புகார் வந்தால் ஸ்குரூடிரைவரைத் தொடாதே. ஓவர்ஃப்ளோ மீட்டரை அரை மணிக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டு வா என்பார். டிரங்குகள் எல்லாம் நிரம்பிப் போய் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கணக்குச் சொல்லும் மீட்டர் அது. எங்கே நிரம்புகிறது என்று தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

அதையே இங்கேயும் செய்தேன். முதலில் லைன் கணக்கு. ஒரு அழைப்புக்கு ஒரு பக்கம் சுமார் 87 கிலோபிட். 90 அழைப்பு என்றால் 8 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வாங்கியிருந்ததோ 20. லைன் நிரம்பவில்லை.

அடுத்து, புகார் வந்த அழைப்புகளின் பதிவு ஒன்றைப் போடச் சொன்னேன். ஒரு வயதான அம்மா. "அம்மிணி, கேக்குதா? எனக்கு ஒண்ணுமே வெளங்கலையே. கண்ணு ஆபரேசனுக்கு எப்ப வரோணும்?" நான்கு தடவை கேட்டார். எங்கள் பெண் நான்கு தடவையும் பதில் சொன்னாள். அந்த அம்மா கடைசியில், "சரி, உடு" என்று வைத்துவிட்டார். பையன்கள் யாரும் பேசவில்லை.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. பதிவில் இரண்டு பேர் குரலும் தெளிவாக இருந்தது! அப்படியானால் இரண்டு குரலும் பெட்டிக்குள் நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. பெட்டியை விட்டு வெளியே போகும்போதுதான் தாமதம்.

திரையைப் பார்த்தோம். நாலு கோர் பிராசசர், பாதிக்கு மேல் சும்மா இருந்தது. ஆனால் லோடு மட்டும் 14 காட்டியது. பாங்கில் கிளார்க் சும்மா உட்கார்ந்திருப்பார், கவுன்டரில் வரிசை வாசல் வரை நிற்கும். உள்ளேயிருந்து லெட்ஜர் வரவில்லை என்பார். அதே கதைதான். இங்கே லெட்ஜர் என்பது ஹார்டு டிஸ்க்.

ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்ய இரண்டு ஃபைல்: வருகிற குரலுக்கு ஒன்று, போகிற குரலுக்கு ஒன்று. 90 அழைப்புக்கு 180 ஃபைல். எழுதும் அளவு அதிகமில்லை. ஆனால் டிஸ்க்கின் முள் 180 இடத்துக்கும் ஓட வேண்டும். 7200 சுற்று டிஸ்க் ஒரு முறை சுழலவே 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். இரண்டு மூன்று தாவலில் 20 மில்லி செகண்டு போய்விடும். போதாததற்கு, ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் இரண்டு ஃபைலையும் படித்து ஒன்றாகக் கலந்து மூன்றாவதை எழுதும் வேலை வேறு.

ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு பதினைந்து நிமிடம் பதிவை மட்டும் நிறுத்தினோம். வேறு எதையும் தொடவில்லை. புதிதாக வந்த அழைப்புகள் எல்லாம் மணி மாதிரி கேட்டன. சேவை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்த பதிவுதான் சேவையைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

பதிவை ஒரேயடியாக விட முடியாது; ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதனால் பேச்சு நடக்கும்போது மெமரியிலேயே எழுதுவது, முடிந்த பிறகு ஒவ்வொன்றாக டிஸ்க்குக்கு நகர்த்துவது, கலக்கும் வேலையை ராத்திரி செய்வது என்று மாற்றினோம். மூன்று நிமிட அழைப்புக்கு 6 எம்.பி. கூட ஆகாது. நூறு அழைப்புக்கு 600. மெமரி 8 ஜி.பி. இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை குரல் அருமை. ஆனால் பத்தேகாலுக்கு மாப்பிள்ளை ஓடி வந்தான். "மாமா, 120ஐ ஒட்டி நின்னுடுச்சு. புது கால் எதுவுமே எடுக்க மாட்டேங்குது!"

லாகில் "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்று வரிசையாக விழுந்திருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஒரு அழைப்புக்கு இரண்டு கால். ஒவ்வொரு காலுக்கும் குரலுக்கு ஒன்று, கட்டுப்பாட்டுக்கு ஒன்று, நேரம் பார்க்க ஒன்று. ஆக ஆறு. பதிவுக்கு இரண்டு. மொத்தம் எட்டு. லினக்ஸ் சாதாரணமாக ஒரு புரோகிராமுக்கு அனுமதிப்பது 1024. எட்டால் வகுத்தால் 128. மற்ற சில்லறை வேலைகளுக்குக் கொஞ்சம் போனால் 120 சரிதான்.

இது புதிதாக வந்த கோளாறு இல்லை. முன்பு குரல் உடைந்து ஜனங்கள் வைத்துவிட்டுப் போனதால் 90ஐத் தாண்டவே இல்லை. முதல் அடைப்பை எடுத்ததும் இரண்டாவது அடைப்பு தெரிந்தது. அந்த எல்லையை 8192 ஆக்கி, மதிய இடைவேளையில் ஒரு தடவை நிறுத்தி ஓட்டினோம். அதற்குச் செலவு ஒரு வரி.

நகை பீரோவிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி ஒப்பந்தமும் நீடித்தது. மாப்பிள்ளை ஒரு கவரை நீட்டினான், வாங்கவில்லை. அதற்குப் பதில் ஒன்று கேட்டேன். குரல் உடைந்த நாட்களில் பாதியில் வைத்துவிட்டுப் போன நம்பர்களை எல்லாம் எடுத்து, திருப்பிக் கூப்பிடச் சொன்னேன். இரண்டு நாள் கூப்பிட்டார்கள்.

அந்த அம்மா மூன்றாவது முயற்சியில் கிடைத்தார். வியாழக்கிழமைக்கு நேரம் குறித்துக் கொடுத்த பெண் என்னிடம் வந்து சொன்னாள்: "நல்லாக் கேக்குது அம்மிணின்னு சொன்னாங்க சார்."

முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ ஃபால்ட் சரிசெய்திருக்கிறேன். சரியாகிவிட்டது என்று சந்தாதாரர் வாயாலேயே கேட்டது அபூர்வம்.