ரிவர்ஸ் போகுதா? அப்போ மோட்டார் நிரபராதி!

ஏற்காடுன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? போட் ஹவுஸ், லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், இருபது கொண்டை ஊசி வளைவுல தலைசுத்தல்... சரிதானே? எனக்கு இனிமே ஏற்காடுன்னா ஒரு கிழட்டு ஃபோர்க்லிஃப்ட்தான்!

ட்ரிபிள் இ மூணாம் வருஷம் படிக்கிறேன். செமஸ்டர் லீவுல இன்டர்ன்ஷிப் கிடைச்சது, சேர்வராயன் மலையில ஒரு காபி கிடங்குல. 1820-களில் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி, இன்னிக்கும் இந்த மலைக்குச் சோறு போடுது. காயவெச்ச காபி மூட்டைகளை அடுக்க ஒரு பேட்டரி ஃபோர்க்லிஃப்ட். 'ஏன், டீசல் வண்டி வாங்கக் கூடாதா?'ன்னு கேட்பீங்க. காபிக்கொட்டை பக்கத்துல இருக்கிற எந்த வாசனையையும் உறிஞ்சிக்கும். கிடங்குல டீசல் புகை சூழ்ந்தா, கடைசியில அது உங்க டம்ளர்லதான் வந்து நிக்கும்!

வண்டிக்கு என்னைவிட வயசு அதிகம். 48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, டிசி சீரிஸ் மோட்டார், வேகத்தை மாத்த ரெசிஸ்டன்ஸ், திசையை மாத்த ரெண்டு கான்டாக்டர். அவ்வளவுதான், கம்ப்யூட்டர் மூளையெல்லாம் கிடையாது. அறுவடை நேரமாப் பார்த்து, ஒருநாள் முன்னாடி போகமாட்டேன்னு அடம்பிடிச்சுது. பின்னாடி மட்டும் ஜம்முனு போச்சு. வெளியிலிருந்து வந்த மெக்கானிக், 'மோட்டார் போச்சு, ரீவைண்டிங் பண்ணணும்'னு ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டார். 'அந்தச் செலவுக்குப் பழைய இரும்புக்கே போட்டுடலாம்'னு முடிவாச்சு. ஆபரேட்டர் அண்ணன் முகம் சுருங்கிப்போச்சு. வண்டி போனா அவர் திரும்ப மூட்டை தூக்கணும். அவர் முதுகு இனி அதைத் தாங்காது.

இங்கேதான் கொஞ்சம் யோசிங்க. ரிவர்ஸ் ஒழுங்காப் போகுதுன்னா பேட்டரி, மோட்டார், கார்பன் பிரஷ், ஆர்மெச்சர் எல்லாமே நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? ரெண்டு திசைக்கும் அதே மோட்டார்தானே! ஃபீல்டு சுருள்ல கரன்ட் பாயுற திசை மட்டும்தான் மாறுது. ஆக, கோளாறு ஃபார்வர்டுக்கு மட்டும் வேலை செய்யற இடத்துல இருக்கணும்.

அண்ணன்கிட்ட கேட்டேன். "ஒரு வாரமாவே பெடலை ரெண்டு தடவ மிதிச்சாத்தான் முன்னாடி நகரும் தம்பி. டக்குனு சத்தம் வரும், வண்டி நிக்கும்"னார். இதுக்கு முன்னாடி யாரும் அவர்கிட்ட கேட்கவே இல்லை! அந்த 'டக்' ரொம்ப முக்கியம். சத்தம் வருதுன்னா கான்டாக்டர் காயில், சாவி, பெடல் ஸ்விட்ச் எல்லாம் ஓகே. மிச்சம் ரெண்டே சந்தேக நபர்கள்: ஃபார்வர்டு கான்டாக்டர் மூடும்போது சேர்ற முனை, ரிவர்ஸ் கான்டாக்டர் சும்மா இருக்கும்போது சேர்ந்திருக்கிற முனை.

மெயின்டனன்ஸ் சார் மேற்பார்வையில டிரைவ் வீலைத் தரையிலேர்ந்து தூக்கிக் கட்டை வெச்சோம். வாட்ச், மோதிரத்தைக் கழட்டினோம். 48 வோல்ட் ஷாக் அடிக்காட்டியும், பேட்டரி ஷார்ட்டானா மோதிரம் பழுத்துடும். 'லோடு இல்லாம சீரிஸ் மோட்டாரை ஓட்டாதே'ன்னு பாடத்துல படிச்சிருக்கோமே, அதனால முதல் ஸ்டெப்ல, ஒரே ஒரு நொடிதான் பெடல். மூடியிருக்கிற முனைக்குக் குறுக்கே மீட்டர் வெச்சா கிட்டத்தட்ட ஜீரோ வரணும். ரிவர்ஸ் கான்டாக்டர்ல ஜீரோ. ஃபார்வர்டுல? பேட்டரியோட மொத்த வோல்டேஜும் அங்கேயே நிக்குது! மாட்டிக்கிட்டான் திருடன்!

பேட்டரி பிளக்கைப் பிடுங்கிட்டுத் திறந்து பார்த்தா, முனை கருகிக் குழிவிழுந்திருந்துச்சு. ஏசி மாதிரி டிசி கரன்ட் நொடிக்குப் பலமுறை பூஜ்யத்தைத் தொடாது. அதனால பிரியும்போது வர்ற பொறி சீக்கிரம் அணையாது, முனையைத் தின்னுடும். முன்னே பின்னேன்னு ஓயாம மூட்டை அடுக்கிற வண்டிக்கு இது சகஜம். அண்ணன் ஒரு பிஸ்கெட் டப்பாவைத் திறந்து, பல வருஷமா பத்திரப்படுத்தின புது முனை ஜோடியை நீட்டினார். ரெண்டையும் சேர்த்தே மாத்தினோம். வண்டி முன்னாடி நகர்ந்தப்போ அவர் ஹாரன் அடிச்ச சத்தம், சத்தியமா கிடங்கே அதிர்ந்துச்சு!

இப்போ வர்ற புது ஃபோர்க்லிஃப்ட்ல ஏசி மோட்டார், எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர், திரையில ஃபால்ட் கோடு எல்லாம் இருக்கு. ஆனா கோடு 'எங்கே வலிக்குது'ன்னு சொல்லும். 'ஏன்'னு நாமதான் கண்டுபிடிக்கணும். அதனால மெஷின் மக்கர் பண்ணினா, 'எது கெட்டுப்போச்சு'ன்னு ஆரம்பிக்காதீங்க. 'எது இன்னும் வேலை செய்யுது'ன்னு பாருங்க. பாதி சந்தேகம் அங்கேயே கழிஞ்சிடும். அப்புறம் மீட்டரை எடுக்கிறதுக்கு முன்னாடி, அதைத் தினமும் ஓட்டுறவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. மீதி பாதி அவர்கிட்ட இருக்கும்!